அண்ணி அழிக்காத குரல்

என் அண்ணியைப் பிடிவாதக்காரி என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தப் பட்டத்தைக் கொடுத்தவள் நான். அவள் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரமே கொடுத்துவிட்டேன். நாத்தனார் என்ற முறையில் அதைச் சொல்லும் உரிமை எனக்கு மட்டும்தான் உண்டு. ஊரார் ஆளாளுக்கு எடுத்து வீசுவதற்கு அது ஒன்றும் பொதுச் சொத்து இல்லை.

அண்ணி எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறாள். அதே பள்ளியின் அலுவலகத்தில் நான் வேலை பார்க்கிறேன். கடிதங்களை டைப் அடிப்பது, பெற்றோர் சண்டைக்கு வந்தால் நாற்காலி போட்டு உட்கார வைப்பது, அச்சு இயந்திரம் முரண்டு பிடித்தால் அதன் தலையில் நாலு தட்டு தட்டுவது எல்லாம் என் வேலை. ஆக, வீட்டிலும் அவள் முகம், வெளியிலும் அவள் முகம். இத்தனைக்குப் பிறகும் நாங்கள் இருவரும் பேசிக்கொள்கிறோம் என்பதே எங்கள் உறவுக்காரர்களுக்கு ஆச்சரியம்.

ஏழு வருடமாக அவள் தற்காலிக ஆசிரியை. ஒவ்வொரு வருடமும் கோடை விடுமுறை தொடங்கும் நாளில் வேலை போய்விடும். பள்ளி திறக்கும்போது திரும்பக் கொடுப்பார்கள். நடுவில் இருக்கும் நாட்களில் அவள் யாருக்கும் டீச்சர் இல்லை, எங்கள் அண்ணன் பெண்டாட்டி, அவ்வளவுதான். இந்த வருடம் ஒரே ஒரு நிரந்தர இடம் வந்தது. அது அவளுக்குத்தான் என்று பள்ளிக்கூடத்துச் சுவருக்குக்கூடத் தெரியும். அந்த இடத்தை அவள் எப்படிக் கோட்டைவிட்டாள் என்பதை நான்தான் சொல்லவேண்டும். ஏனென்றால் அவளிடம் கேட்டால் “கோட்டையெல்லாம் ஒண்ணும் விடல” என்பாள்.

எல்லாம் ஒரு கெட்டிலில் ஆரம்பித்தது.

அவள் வகுப்பில் கேள்வி கேட்டால் எப்போதும் அதே மூன்று பேர்தான் கை தூக்குவார்கள். மற்றவர்கள் மேசையில் என்ன செதுக்கியிருக்கிறது என்று ஆராய்வார்கள். அண்ணிக்கு இது பொறுக்கவில்லை. எங்கேயோ தேடி, இணையத்தில் ஒரு கருவியைப் பிடித்தாள். நடுவில் ஒரு படத்தைப் போடலாம். படத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன வட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு வட்டமும் ஒரு பிள்ளை. வட்டத்தைத் தட்டினால் அந்தப் பிள்ளையின் குரல் கேட்கும். பேசிக்கொண்டே படத்தின் மேல் கோடும் போடலாம். ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் பதில் சொல்லலாம், அதற்கு மூன்றாமவர் மறுப்புச் சொல்லலாம். பள்ளியில் இருந்தும் பேசலாம், வீட்டிலிருந்தும் பேசலாம். பிள்ளைகள் அதற்கு ‘வட்டம்’ என்று பெயர் வைத்தார்கள்.

அதன் பிறகு அண்ணி காதில் இயர்போன் இல்லாமல் நடமாடி நான் பார்த்ததில்லை. பேருந்தில் தனியாகச் சிரிப்பாள். காய் நறுக்கும்போது “அடி சக்கை!” என்பாள். எங்கள் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “உங்க அண்ணிக்கு ஏதாச்சும் ஆயிடுச்சாடி?” என்று கேட்டாள். பிள்ளைகள் பேசியதைக் கேட்கிறாள் என்று நான் சொன்னதும் அம்மாவின் கவலை இன்னும் கூடிப்போனது.

நீர் ஆவியாகும் பாடத்துக்காக எங்கள் வீட்டு அடுப்பில் கெட்டிலை வைத்து, அது கொதிக்கும்போது படம் எடுத்தாள். பின்னால் தெரிந்த என் ஈரத் துண்டை எடுக்கச் சொன்னேன், கேட்கவில்லை. அந்தப் படத்தை வட்டத்தில் போட்டு முதல் குரலாகத் தன் கேள்வியைப் பதிவு செய்தாள். “கெட்டில் மூக்குலேர்ந்து வெள்ளையா நீராவி வருது பாருங்க. இது கடைசியில எங்க போகுது?”

முதல் பதில் ஒரு பையனுடையது. அவனுக்கு வகுப்பில் ‘ஆமாம் சாமி’ என்று பெயர். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவான். “மிஸ் சொன்னது கரெக்ட்” என்று பதிவு செய்துவிட்டுப் போய்விட்டான். என்ன கரெக்ட், ஏன் கரெக்ட் என்பதெல்லாம் அவனுக்கு அநாவசியம். பிறகு ஆளுக்கொன்று சொன்னார்கள். வானத்துக்குப் போகுது என்றான் ஒருவன். செத்துப்போகுது என்றாள் ஒருத்தி. கூரையில் ஒட்டிக்கொள்கிறது, காற்று குடித்துவிடுகிறது என்று ஒரே களேபரம்.

நடுவில் ஒரு பெண் வந்தாள். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அவளுக்குச் ‘சின்ன வக்கீல்’ என்று பெயர். படத்தில் கெட்டிலின் மூக்குக்கும் வெள்ளைப் புகை ஆரம்பிக்கிற இடத்துக்கும் நடுவில், ஒன்றுமே தெரியாத ஒரு விரல்கடை இடைவெளியைச் சிவப்பில் சுழித்தாள். “மிஸ், நீராவி கண்ணுக்குத் தெரியாதுன்னு போன பாடத்துல நீங்கதான் சொன்னீங்க. அப்ப இந்த வெள்ளையா இருக்கறது நீராவி இல்ல. இந்த ஒண்ணுமில்லாத இடம் இருக்கு பாருங்க, இதுதான் நீராவி. வெள்ளையா இருக்கறது அது ஆறிப்போய் பொடிப்பொடித் தண்ணியா மாறினது. நீங்க சொன்னது தப்பு மிஸ்.”

அண்ணி அப்போது சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டே இதைக் கேட்டாள். கத்தி அப்படியே நின்றது. அடுப்பைப் பற்றவைத்துக் கெட்டிலை ஏற்றினாள். குனிந்து, அதன் மூக்கில் தன் மூக்கு இடிக்காத குறையாகப் பார்த்தாள்.

“என்னங்க, ஓடி வாங்க! நான் தப்பு பண்ணிட்டேன்!”

விரலைத்தான் நறுக்கிக்கொண்டாள் என்று நினைத்து அண்ணன் பஞ்சும் கையுமாக ஓடி வந்தான். வந்தவனைப் பிடித்து நிறுத்தி, கெட்டிலின் மூக்கருகே எதுவுமே தெரியாத இடத்தைக் காட்டினாள். அண்ணன் அந்த இடத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பஞ்சைத் திரும்ப டப்பாவில் வைத்தான்.

அவள் வேறொருத்தியாக இருந்தால் அந்தக் கேள்வியைச் சத்தம் போடாமல் அழித்துவிட்டுச் சரியாக மறுபடி பதிவு செய்திருப்பாள். எவ்வளவு நேரமாகும்? ஒரு பட்டன். அண்ணி என்ன செய்தாள் தெரியுமா? தன் குரலை அப்படியே விட்டுவிட்டு, சின்ன வக்கீலின் குரலுக்குக் கீழே இன்னொன்று பதிவு செய்தாள். “நான் முன்ன சொன்னது தப்பு. இவ சொன்னதுதான் சரி. நானும் வீட்டுல பார்த்துட்டேன்.” மறுநாள் வகுப்பில் ஒரு சட்டமும் போட்டாள். வட்டத்தில் யார் பேசியதையும் அழிக்கக் கூடாது, மிஸ் பேசியதையும் சேர்த்து. மனம் மாறினால் கீழே வந்து சொல்லலாம். அதற்குப் பிள்ளைகள் ‘மறுபேச்சு’ என்று பெயர் வைத்தார்கள். கொஞ்ச நாளில், மறுபேச்சு போடாதவன் ஏதோ குறைந்தவன் என்கிற மாதிரி அது அவர்களுக்குள் ஒரு பெருமையாகிவிட்டது. மேசையை ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் பேச ஆரம்பித்தார்கள்.

நிரந்தர இடத்துக்கு ஆள் எடுக்கும் முன் நிர்வாகக் குழுவினர் வந்து அண்ணியின் வகுப்பைப் பார்ப்பார்கள் என்று அறிவிப்பு வந்தது. எங்கள் தலைமை ஆசிரியைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எப்போதும் “அமைதி, அமைதி” என்று சொல்லிக்கொண்டே நடப்பதால் அவருக்கு ‘அமைதி மேடம்’ என்று பெயர். அவர் நடந்தால்தான் பள்ளியில் சத்தமே கேட்கும்.

அவர் என்னைக் கூப்பிட்டு, “ஏம்மா, அந்தக் கெட்டில் படத்துல ஒரே தப்பும் தவறுமா இருக்கு. டீச்சரே தப்பா பேசியிருக்காங்க. கமிட்டி பாத்தா மானம் போயிடும். நீ ஒரு காப்பி எடுத்து, தப்பையெல்லாம் தூக்கிட்டு நல்லதை மட்டும் வை” என்றார்.

அண்ணியிடம் சொன்னேன். “காப்பிதானே, பண்ணிப் பாரு” என்று கடவுச்சொல்லைக் கொடுத்தாள். அவள் உதட்டில் ஒரு சிரிப்பு இருந்தது. ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

உட்கார்ந்து தப்பான குரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கினேன். பிறகு மிச்சத்தைப் போட்டுக் கேட்டேன். தலை சுற்றியது. “அவன் சொல்றதை என்னால ஒத்துக்க முடியல” என்கிறது ஒரு குரல். எவன்? அவனைத்தான் தூக்கிவிட்டேனே. “செத்தெல்லாம் போகாது, போனா மழை எப்படி வரும்?” என்கிறது இன்னொன்று. யார் செத்தது? சின்ன வக்கீலின் குரலை வைக்கவே முடியாது, அவள் மிஸ் தப்பு என்கிறாள். சரியான பதில் ஒவ்வொன்றும் யாரோ ஒருவனுடைய தப்பான பதிலின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவனைத் தூக்கினால் இதுவும் விழுந்தது. ஒன்றொன்றாகத் தூக்கித் தூக்கி, கடைசியில் எந்தக் குற்றமும் இல்லாமல் படத்தின் ஓரத்தில் ஒரே ஒரு வட்டம் மிஞ்சியது. தட்டினேன்.

“மிஸ் சொன்னது கரெக்ட்.”

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து “அமைதி!” என்று குரல் வந்தது.

இதைக் கேட்ட அமைதி மேடம் விடுவாரா? சரியான பதில்களைத் தாளில் எழுதிக் கொடுத்து, நன்றாகப் பேசும் ஆறு பேரைப் படிக்கச் சொல்லிப் புதிதாகப் பதிவு செய்யுங்கள் என்று அண்ணியிடம் சொன்னார்.

“மாட்டேன் மேடம்” என்றாள் அண்ணி.

“என்ன மாட்டேன்? எதுக்குன்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“தெரிஞ்சுதான் சொல்றேன். எம்பிள்ளைங்க யோசிச்சுப் பேசினதை வெச்சு வேலை கொடுத்தா கொடுக்கட்டும். தாளைப் பாத்துப் படிச்சதுக்குக் கொடுத்தா, அது எனக்குக் கொடுத்த வேலையா?”

அமைதி மேடத்துக்கு அன்று அமைதியே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை குழுவிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் தலைவர் பாலம் கட்டும் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கணினி அறையில் இரண்டு இரண்டு பேராகப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பாதி ஹெட்போன்களில் ஒரு காதுதான் வேலை செய்யும், அந்தக் காதை யார் வைத்துக்கொள்வது என்பதிலேயே வழக்கமாக ஒரு தகராறு நடக்கும். நான் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் உள்ளே போய் ஓரமாக நின்றுகொண்டேன். அண்ணி முழுக் கெட்டிலையும் போட்டுக் காட்டினாள். தன் தப்பையும், சின்ன வக்கீல் அதைப் பிடித்ததையும், தன் மறுபேச்சையும் ஒன்றுவிடாமல் ஒலிக்கவிட்டாள். அமைதி மேடத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

ஆனால் தலைவர் சிரித்தார். “பிரமாதம்! நல்லா இருக்கும்மா! நானும் ஒண்ணு பேசலாமா?”

“தாராளமாப் பேசுங்க சார்” என்று அண்ணி தன் மடிக்கணினியையே அவர் பக்கம் நகர்த்தினாள். அதில், பிள்ளைகள் இரண்டு நாளாக வீட்டில் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்த அடுத்த படம் இருந்தது. குளிர்ந்த தண்ணீர் பாட்டில், வெளிப்புறம் முழுக்க நீர்த்துளிகள். இந்தத் துளி எங்கிருந்து வந்தது என்பது கேள்வி.

தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசினார். “மாணவச் செல்வங்களே, பிளாஸ்டிக்ல கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். குளிர்ச்சியில உள்ள இருக்கற தண்ணி அது வழியா மெதுவாக் கசிஞ்சு வெளிய வரும். அதுதான் இந்தத் துளி.”

பிள்ளைகள் மைக்கை வாயருகே இழுத்துக் கிசுகிசுக்க ஆரம்பித்தார்கள். அண்ணி எதுவும் சொல்லவில்லை, யாரையும் தூண்டவும் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அவள் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றாள். தலைவரின் வட்டத்துக்குக் கீழே ஒன்றன்பின் ஒன்றாக வட்டங்கள் முளைத்தன. அவரே ஆர்வமாக முதல் வட்டத்தைத் தட்டினார்.

“சார், வணக்கம். கசிஞ்சா உள்ள தண்ணி குறையணும் இல்லையா? நாங்க பாட்டில்ல கோடு போட்டுப் பாத்தோம், குறையல. சிவப்புக் கலர் கலந்தும் வெச்சுப் பாத்தோம். வெளிய இருந்த துளி சிவப்பா இல்ல, வெறும் தண்ணியாத்தான் இருந்துச்சு. அதனால அது காத்துலேர்ந்து வந்தது சார். நீங்க சொன்னது தப்பு. நீங்க வேணும்னா மறுபேச்சு போடலாம் சார்.”

எவ்வளவு மரியாதையான பிள்ளை! எத்தனை ‘சார்’! தலைவரின் சிரிப்பு உதட்டிலேயே இருந்தது, ஆனால் அதற்கு மேல் ஏறவில்லை. “வெரி குட், வெரி குட்” என்று எழுந்துவிட்டார். காப்பி கொண்டுவந்தேன், குடிக்காமல் போய்விட்டார்.

வட்டத்தின் இணைப்பு எல்லாப் பெற்றோருக்கும் போகும். அதாவது, தலைவர் சொன்னதையும் பிள்ளைகள் சொன்னதையும் வீட்டுக்கு வீடு கேட்பார்கள். அன்று மத்தியானமே அமைதி மேடம் அண்ணியைக் கூப்பிட்டார். நானும் அங்கேதான் இருந்தேன், நியமன ஆர்டரை டைப் அடித்துக் கொண்டுபோய் வைத்ததே நான்தான். அதில் அண்ணியின் பெயர் இருந்தது. அதில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மூன்று தடவை சரிபார்த்திருந்தேன்.

“தலைவர் போன் பண்ணினார்” என்றார் மேடம். “அவர் ரொம்பப் பெரிய மனசு. உங்களையே போடச் சொல்லிட்டார். அவர் பேசினதை மட்டும் எடுத்துடணுமாம். உங்க கம்ப்யூட்டர்லேர்ந்து பேசினதால நீங்கதான் அழிக்க முடியுமாம். அழிச்சிட்டு வாங்க, ஆர்டரை வாங்கிட்டுப் போங்க.”

அண்ணி ஆர்டரைப் பார்த்தாள். அதை எடுத்துப் படிக்கக்கூட இல்லை.

“மேடம், அழிக்க வேண்டாம். அவரே கீழ ஒரு மறுபேச்சு போடட்டும். ஒரே ஒரு வரி போதும். பிள்ளைங்க கைதட்டுவாங்க.”

“தலைவரை எட்டாங்கிளாஸ் பசங்ககிட்ட தப்புன்னு ஒத்துக்கச் சொல்றீங்களா?”

“நான் ஒத்துக்கிட்டேனே மேடம்.”

“நீங்களும் அவரும் ஒண்ணா?”

“வட்டத்துல ஒண்ணுதான். எல்லாருக்கும் ஒரே அளவு வட்டம்தான் அதுல இருக்கு.”

மேடம் என் பக்கம் திரும்பினார். “கடவுச்சொல் உனக்குத் தெரியும்தானே? நீ அழிச்சிடும்மா.”

“முடியாது மேடம்” என்றேன்.

“முடியாதா, தெரியாதா?”

“தெரியும். முடியாது.”

அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது என்று எனக்கே நம்பிக்கை வரக் கொஞ்ச நேரமானது. அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். மணி அடித்தது. அவள் வகுப்புக்குப் போய்விட்டாள். ஆர்டர் மேசையிலேயே கிடந்தது.

வீட்டில் அண்ணன் குதித்தான். “ஒரு பட்டன்! ஒரே ஒரு பட்டனை அமுக்கறதுக்கு வலிக்குதா உனக்கு? ஏழு வருஷம் நாயா உழைச்சிட்டு, இப்படித் தூக்கிக் கொடுத்துட்டு வந்து நிக்கறியே!”

“வலிக்குதுங்க” என்றாள் அண்ணி. “வேலை போனதும் வலிக்குது. இல்லேன்னு சொல்லல. ஆனா என்னோட தப்பு இருக்கலாம், பெரிய மனுஷனோட தப்பு இருக்கக் கூடாதுன்னா, அப்ப நான் அந்தப் பிள்ளைங்களுக்கு இவ்வளவு நாளா என்ன சொல்லிக் கொடுத்தேன்? தப்பா சொல்ல பயப்படாதீங்கன்னு திங்கக்கிழமை எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு சொல்லுவேன்?”

அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவுவதற்கு அங்கே ஒரு பாத்திரமும் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் எழுந்து போய்க் குழாயை மூடிவிட்டு அவள் பக்கத்தில் நின்றான். நான் என் அறைக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை காலை புது ஆர்டரை டைப் அடித்தேன். கணக்கு டீச்சர் பெயர். நல்ல மனுஷி, அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. விசைப்பலகை மேல்தான் என் வருத்தத்தையெல்லாம் காட்டினேன். தாளை மேசையில் வைத்துவிட்டு, வேறு யாரும் சொல்வதற்கு முன் நானே சொல்லவேண்டும் என்று கணினி அறைக்கு ஓடினேன்.

அண்ணி அப்போதுதான் உள்ளே நுழைந்திருந்தாள். பிள்ளைகள் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, யார் பேசுவது என்று தெரியாமல் நின்றார்கள். கடைசியில் சின்ன வக்கீல்தான் வாயைத் திறந்தாள்.

“மிஸ், தலைவர் சார் குரல் இன்னும் இருக்கு.”

“ஆமா. அதுக்கென்ன?”

“வெள்ளிக்கிழமைலேர்ந்து எல்லாரும் பாத்துட்டே இருந்தோம் மிஸ். சாயங்காலம் பாத்தோம், சனிக்கிழமை பாத்தோம், நேத்தும் பாத்தோம். பெரியவங்க பேசினதுன்னா உங்க மிஸ் அழிச்சிடுவாங்கன்னு எங்க வீட்டுல சொன்னாங்க. எல்லார் வீட்டுலயும் சொன்னாங்க மிஸ். இன்னைக்குக் காலைலயும் பாத்துட்டுத்தான் வந்தோம்.”

நாற்பது பிள்ளைகள் மூன்று நாளாக அந்த ஒரு வட்டத்தை வைத்து அவளை எடைபோட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள், அது எங்கள் யாருக்கும் தெரியாது.

வாசலில் நின்ற என்னை அவள் அப்போதுதான் பார்த்தாள். நான் எதற்கு வந்தேன் என்று என் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்திருக்க வேண்டும்.

“தெரியும். நீ ஆபீசுக்குப் போ” என்றாள். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, “உக்காருங்க. அடுத்த படத்தைத் திறங்க. யார் முதல்ல பேசறது?” என்று கேட்டாள்.

அந்த அறையில் அன்றைக்குத் தூக்காத கை ஒன்றுகூட இல்லை.